புகை தெரிந்தது

கதவு திறக்கவில்லை. வெர்னா மூன்றாவது முறையாகத் தோளால் இடித்தாள். வாசற்படியும் கதவின் அடிப்பலகையும் ஒரே கட்டியாக உறைந்திருந்தன. உள்ளேயிருந்து இடுக்கு வழியாக வழிந்து வந்து உறைந்தது, மஞ்சள் நிறம். கழிவு வாளி கவிழ்ந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நடமாட முடிகிற அண்ணன் அதை அப்படியே விட்டிருக்க மாட்டார் என்பதும் கூடவே தெரிந்தது.

பின்னால் மார்வின் தன் மோட்டார் பனிவண்டியின் மேல் ஏறி நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் சித்தப்பா மகன். பேரன் பேத்தி எடுத்தும் இந்தப் புத்தி போகவில்லை.

"சிக்னலே இல்லக்கா. ஊரை விட்டுக் கிளம்பினதுலேர்ந்து ரேஸ்ல நம்ம வெஸ்லி எங்க ஓடுறான்னே தெரியல. இந்நேரம் மூணாவது எடத்துக்கு வந்திருப்பான்."

"அதை உள்ள வச்சுட்டுக் கோடாலியை எடுத்துட்டு வா."

"வரேன் வரேன். அண்ணன் குடிச்சுட்டுக் கெடப்பாரு. நீதான் பதறுற."

"அண்ணன் குடிச்சுப் பத்து வருஷம் ஆச்சு மார்வின்."

அவன் கட்டியைக் கொத்தினான். மஞ்சள் துகள்கள் பறந்து அவள் காலணியில் ஒட்டின. அருவருப்பாக இருந்தது. அண்ணனுடையது என்றபோதும் அருவருப்பாகத்தான் இருந்தது, அதற்காகவும் அவளுக்கு ஒரு அருவருப்பு வந்தது.

அண்ணன் ஆம்ப்ரோஸின் மரக் கேபின் ஊரிலிருந்து இருபத்திரண்டு மைல், ஆறு வளைகிற இடத்தில். நாய்வண்டி ரேஸ் அவர் வாசலுக்கு எதிரே ஆற்றுப்பனியின் மேலேயே போகும். மற்ற நாட்களில் காக்கையும் அவரும்தான். தினமும் காலை எட்டு மணிக்கு ரேடியோவில் வந்து, ஊரே கேட்கிற அலைவரிசையில், "இன்னும் சாகல. ஏமாந்துட்டீங்களா?" என்பார். அதுதான் அவர் காலை வணக்கம். யாராவது, "அடடா, பெட்டி செஞ்சு வச்சோமே," என்று பதில் சொல்வார்கள். சனிக்கிழமை காலை அந்தக் குரல் வரவில்லை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது, பேட்டரி படுத்திருக்கும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. வெர்னா போய்ப் பார்க்கலாம் என்று தன் வண்டிக்கு எண்ணெய் ஊற்றிவிட்டாள். ஆனால் அன்று மதியம்தான் அவள் மகன் வெஸ்லி தன் நாய்களோடு ஊருக்குள் வருவதாக இருந்தது. நான்காவது இடத்தில். இந்த ஆற்றங்கரை ஊர்களிலிருந்து ஒருவன் அப்படி முன்னால் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

அவன் வந்தான். முகமெல்லாம் பனி ஒட்டி, கண் இரண்டும் சிவந்து. ஊரே அவனைச் சுற்றி நின்று படம் எடுத்தது. "மாமாவைப் பார்த்தியாடா?" என்று அவள்தான் கூட்டத்துக்குள் புகுந்து கேட்டாள். அவன் ஒரு நாயின் காலுறையைக் கழற்றிக்கொண்டே, நிமிராமல், "புகை தெரிஞ்சுதும்மா," என்றான்.

புகை தெரிந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். புகை தெரியாத கேபினைத் தாண்டிப் போகக் கூடாது என்பது இந்த ஆற்றில் யாரும் எழுதி வைக்காத சட்டம். எதிரி வீடானாலும் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வெளியூர் ஓட்டக்காரர்களுக்குத்தான் இது தெரியாது. புகை தெரிந்தது என்றால் கவலை இல்லை. வெர்னா எண்ணெய் டப்பாவை மீண்டும் கொட்டகைக்குள் வைத்துவிட்டு, வந்திறங்கிய நாய்வண்டி ஓட்டுபவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் படக்காரர்களுக்கும் சூப் காய்ச்சப் போனாள். திங்கட்கிழமையும் காய்ச்சினாள். ரேடியோவில் அண்ணன் குரல் திங்களும் இல்லை. இன்று செவ்வாய்.

கதவு விட்டுக்கொடுத்தது.

உள்ளே வெளியை விடக் குளிராக இருந்தது. சன்னலில் விரல் கனத்துக்குப் பனி. ஆம்ப்ரோஸ் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தார், பாதி உடம்பு கட்டிலில், பாதி தரையில், ஒரு கை முன்னால் நீட்டியபடி. கால்சட்டை நனைந்து பலகையாக விறைத்திருந்தது. இடது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தனியாக இருந்தாலும் தினம் முகம் மழிக்கிற மனிதர். தாடை முழுக்க வெள்ளை முள்ளும் அதன் மேல் வெள்ளைப் பனியும். வாய் திறந்திருந்தது. மூத்திரமும் மீன் எண்ணெயும் கலந்த நாற்றம் அந்தக் குளிரிலும் போகாமல் மரத்தில் ஏறியிருந்தது.

மார்வின் தொப்பியைக் கழற்றினான். பிறகு, "விறகெடுக்கப் போய் வழுக்கி விழுந்திருக்காருக்கா. ஊர்ந்து உள்ள வந்திருக்காரு," என்றான். "ஆனா வெஸ்லி புகை தெரிஞ்சுதுன்னானே."

"ஆமா."

"அப்ப அதுக்கப்புறம் விழுந்திருப்பாரு."

வெர்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் எப்போதும் சன்னலோரம் இருக்கும். இப்போது அடுப்பருகே இருந்தது. சன்னலிலிருந்து அடுப்பு வரை பலகையில் நான்கு கோடுகள், கட்டில் கால் இழுபட்ட புதுக்கோடுகள். கால் அப்படித் திரும்பியவன் தான் படுத்திருக்கிற கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு போக முடியாது. தலைமாட்டில் ஒரு கோப்பை, அடியில் உறைந்த தண்ணீர். பக்கத்தில் கடித்த காய்ந்த மீன் துண்டு. வாளி கட்டிலுக்கு எட்டுகிற தூரத்தில் வைக்கப்பட்டு, பிறகு கவிழ்ந்திருந்தது.

செத்தவனுக்கு யாரும் தண்ணீர் வைப்பதில்லை.

விறகுப் பெட்டியில் மரப்பட்டைத் தூள் மட்டும். அடுப்பில் ஒரு தடவை நிரப்பி எரித்த சாம்பல். வெளியே சுவரோரம் கூரை முட்ட விறகு அடுக்கியிருந்தது. கதவைத் திறந்தால் பத்தடி.

அப்போதுதான் அடுப்புக்குப் பின்னால் சுவர்ப்பலகையில் அந்தப் பையைப் பார்த்தாள். காற்று எடுத்து ஒட்டிய பிளாஸ்டிக் பை. உள்ளே மூஸ் மான் இறைச்சிக் குழம்பு. சூட்டில் உருகி, பலகை விளிம்பில் தொங்கி, அந்த வளைவோடு மறுபடி உறைந்திருந்தது. ரேஸுக்கு முன் இரண்டு வாரம் அவளே சமைத்து, அவளே ஒட்டி, கறுப்பு மையால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கேலி எழுதி மகனுக்குக் கட்டிக் கொடுத்த பைகளில் ஒன்று. இதில் எழுதியிருந்தது: இதைச் சாப்பிடாம வீட்டுக்கு வராதே.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரேஸில் யார் எங்கே என்று காட்டும் போன் வரைபடத்தில், அவன் புள்ளி ஆற்று வளைவில் பதினொரு நிமிடம் நகராமல் நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. சமையலறையில் எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாய்க்குத் தீனி போடுறான்," என்று அவள்தான் சொன்னாள்.

"என்னக்கா அது?"

"ஒண்ணுமில்ல." பையை எடுத்து மேலங்கிக்குள் போட்டுக்கொண்டாள். குளிர் நேராக நெஞ்சில் ஏறியது. "தார்ப்பாயை எடுத்துட்டு வா."

அண்ணனைப் படுக்க வைக்க முடியவில்லை. விறைத்த கோலத்திலேயே, நீட்டிய கையோடு, மார்வினின் வண்டிக்குப் பின்னால் பூட்டிய சறுக்குப் பலகையில் சாய்த்துக் கட்டினார்கள். தார்ப்பாய்க்கு வெளியே கை வந்துகொண்டே இருந்தது. வெர்னா தன் கழுத்துத்துணியை அவிழ்த்து அந்தக் கைக்குச் சுற்றினாள்.

பாதி வழியில் ரேஸின் கடைசி ஆள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நாய்வண்டிக்குத்தான் முதல் வழி. யாராக இருந்தாலும் பின்னாலேயே மெதுவாகப் போக வேண்டும். ஆறு அகலமான இடத்தில் அவள் ஒதுங்கி, இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். எங்கோ வெளியூர்க்காரி, மூக்கு நுனி குளிரில் கறுத்திருந்தது.

"கடைசி ஆளைப் பார்க்கவும் வந்திருக்கீங்களே. ரொம்ப நன்றிங்க. ஊர் இன்னும் எவ்வளவு தூரம்?"

"ஒம்பது மைல்," என்றான் மார்வின்.

"சூப் நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

"இருக்கும்," என்றாள் வெர்னா.

*

ஊர்க்கூடத்தில் சூப் வாசனை போகவில்லை. கூடத்துக்குப் பின்னால் வைக்கோலும் நாய்ப்பீயும் கிழிந்த காலுறைகளும் உறைந்து கிடந்தன. விருந்தாளிகள் பெரும்பாலும் போய்விட்டார்கள், கூட்டுவது ஊர்க்காரர்கள் வேலை. ஆம்ப்ரோஸை உள்ளே ஒரு மேசையில் வைத்தார்கள். இளகினால்தான் நேராக்க முடியும். மார்வினின் மனைவி கிளாரிஸ்தான் ஊர் மருத்துவ நிலையத்தில் வைத்தியம் பார்ப்பவள். அவளும் வெர்னாவும் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தார்கள்.

"இடுப்பு உடைஞ்சிருக்கு அண்ணி," என்றாள் கிளாரிஸ். "ஆனா அதுல சாகல. குளிர்ல போயிருக்காரு. நேத்து காலையில இருக்கும்."

"நேத்தா?"

"நேத்துதான். முந்தாநாள் யாராவது போயிருந்தா…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "நீ என்ன பண்ணுவ. வெஸ்லிதான் புகை தெரிஞ்சுதுன்னு சொன்னானே."

இந்த வாக்கியத்தை அன்று மாலைக்குள் பதினைந்து பேராவது அவளிடம் சொல்லிவிட்டார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவர் வாயிலும் அது வரும்போது வெர்னாவுக்கு எச்சில் புளித்தது.

ஒருவர் செத்தால் புதைக்கிற வரை உடம்பைத் தனியாக விடக் கூடாது. மாற்றி மாற்றி யாராவது கூட இருப்பார்கள், சீட்டாடுவார்கள், செத்தவரைப் பற்றிக் கேலி பேசுவார்கள். அண்ணன் ஒரு இரவும் ஒரு பகலும் மீண்டும் ஒரு இரவும் தனியாகக் கிடந்தார். அதில் பாதி நேரம் உயிரோடு கிடந்தார்.

வெஸ்லி அடுத்த ஊரில் ஓய்வில் இருந்தான். போன் போட்டாள்.

"மாமா போயிட்டாருடா."

அந்தப் பக்கம் நாய்கள் குரைத்தன.

"எப்போ?" என்றான்.

எப்படி என்று கேட்கவில்லை. வெர்னா சுவரைப் பார்த்தாள். சுவரில் ரேஸ் விதிகள் அச்சடித்து ஒட்டியிருந்தன. அதில் ஒன்பதாவது விதி, வழியில் தனியார் வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு மணி நேரம் தண்டனை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முன்னால் மூன்றாவதாகப் போனவன் நாற்பது நிமிடம்தான் முன்னால் இருந்தான்.

"நேத்து காலையில."

"ஓ."

"நான் இன்னிக்குத்தான் போனேன்."

"உள்ள போனியாம்மா?"

"போனேன்."

மறுபடியும் நாய்கள். "நான் திரும்பி வந்துடட்டுமா?" என்றான். குரல் குழந்தையுடையது போல இருந்தது. வா என்று அவள் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறான், அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறான். இரண்டில் எதுவானாலும் பாரம் அவளுடையதாகிவிடும்.

"உன் இஷ்டம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் ஓடினான்.

*

வெள்ளிக்கிழமை ரேஸ் முடிந்தது. கூடத்தின் ஒரு மூலையில் ஆண்கள் பெட்டிக்குப் பலகை அறுத்தார்கள். இன்னொரு மூலையில் பெண்கள் ஆம்ப்ரோஸுக்குப் புதுக் கையுறை தைத்தார்கள். பெட்டிக்கு அந்தப் பக்கம், மார்வினின் போனைச் சுவரில் சாய்த்து வைத்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெஸ்லி மூன்றாவதாக வந்தான். அறுத்துக்கொண்டிருந்தவர்கள் ரம்பத்தைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். செத்தவர் முன்னால் கைதட்டுவதில் தப்பில்லை, அவரும் தட்டியிருப்பார்.

ஒலிவாங்கியை நீட்டிய பெண், மாமா இறந்த செய்தி கேட்டும் ஓட்டத்தை விடாத வீரன் என்று சொன்னாள். பயணம் முழுக்க இந்தக் கதைதான் எல்லோரையும் அழ வைத்தது என்றாள். வெஸ்லி முன்னணி நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மாமாதான் எனக்குக் கடைசி வரைக்கும் துணை," என்றான். "என்கூடவே ஓடி வந்தாரு. இது அவருக்காக."

கிளாரிஸ் மூக்கைச் சிந்தினாள். "புள்ளைன்னா இவன் புள்ள அண்ணி."

வெர்னா ஊசியைக் குத்திவிட்டு எழுந்து வெளியே போனாள். கூடத்துக்குப் பின்னால், நாய்ப்பீ உறைந்து கிடந்த இடத்தில் நின்று குமட்டினாள். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்கள். அவளுக்கு எரியவில்லை, கெட்டுப்போன மீனைத் தெரியாமல் தின்றது போலப் புரட்டிக்கொண்டே இருந்தது. அவனை மட்டும் நினைத்து அல்ல. எண்ணெய் ஊற்றின வண்டி வாசலில் நிற்க, மூன்று வார்த்தைகூட இல்லாத ஒரு பதிலை வாங்கிக்கொண்டு சூப் கிண்டப் போனவளையும் நினைத்துத்தான். அவளுக்கும் அன்று அந்தப் புள்ளியைப் பார்க்கத்தான் ஆசை.

சொல்லலாம். இந்தக் கையுறையை வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்று சொல்லலாம். மார்வின் முதலில் நம்ப மாட்டான், பிறகு நம்புவான், பிறகு இந்த ஆற்றில் எந்த ஊரிலும் எந்தக் கதவும் வெஸ்லிக்குத் திறக்காது. அவனுடைய பிள்ளைகளுக்கும் திறக்காது. இவர்கள் மறப்பவர்கள் இல்லை.

அவள் உள்ளே போய்க் கையுறையின் கட்டை விரலைத் தைத்து முடித்தாள்.

*

சனிக்கிழமை மதியம் சின்ன விமானத்தில் வெஸ்லி வந்து இறங்கினான். ஓடுதளத்திலிருந்து கூடம் வரை ஆட்கள் அவன் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார்கள். அவன் நேராகப் பெட்டிக்குப் போய் நின்றான். ஆம்ப்ரோஸ் இப்போது நேராகப் படுத்திருந்தார், மழித்த முகமும் புதுக் கையுறையுமாக. வெஸ்லி தொட்டுப் பார்க்கவில்லை.

வெளியே கல்லறை மேட்டில் குழிக்காகத் தீ போட்டிருந்தார்கள். உறைந்த மண்ணை எரித்து இளக்கி ஒரு முழம் தோண்டி, மறுபடி எரிக்க வேண்டும். எல்லோரும் அங்கே போய்வந்துகொண்டிருந்ததால் சமையலறையில் அவளும் அவனும் மட்டும் ஆனார்கள்.

"உக்காரு," என்றாள். "சாப்பிட்டியா?"

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலம்மா."

அவள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரிலிருந்து பையை எடுத்தாள். கத்தரித்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். ரொட்டி ஒரு துண்டு வைத்தாள். காலிப் பையைத் துடைத்து, எழுத்து மேலே தெரியும்படி, கிண்ணத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

வெஸ்லி கரண்டியை எடுத்துவிட்டுப் பையைப் பார்த்தான். படித்தான். கரண்டி அப்படியே நின்றது. குளிர் கடித்த அவன் கன்னத்தில் தோல் உரிந்து தொங்கியது. அது மட்டும் மூச்சுக்கு ஆடியது.

"ரெண்டு மணி நேரம் தண்டனை போட்டிருப்பாங்கம்மா," என்றான் கடைசியில்.

"தெரியும்."

"நீ எப்படியும் மறுநாள் போயிடுவேன்னு நெனச்சேன்."

"அன்னிக்கே கிளம்பினேன். எண்ணெய் ஊத்தி வச்சிருந்தேன். உன்னைக் கேட்டேன்."

அவன் மேசையைப் பார்த்தான்.

"மாமா பேசினாரா?"

"பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

மேட்டில் யாரோ கம்பியால் மண்ணைக் குத்துகிற சத்தம் கேட்டது.

"உள்ள போனதும் என்னைப் பார்த்துச் சிரிச்சாரு," என்றான். "'இன்னும் சாகல. ஏமாந்துட்டியா?'ன்னாரு."

வெர்னா தலையாட்டினாள். எதிரே உட்கார்ந்தாள்.

"சாப்பிடு."

அவனால் முடியாது என்று நினைத்திருந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது, எழுந்து ஓடுவான், கதவுக்கு வெளியே போய்க் கக்குவான் என்று நினைத்திருந்தாள். அதற்காகத்தான் ஐந்து நாளாக அந்தப் பையைப் பனியில் புதைத்து வைத்திருந்தாள். வெஸ்லி சாப்பிட்டான். முதலில் மெதுவாக, பிறகு ஒரே சீராக, ஆயிரம் மைல் நாய்களோடு ஓடிய உடம்பின் பசியோடு. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, சாப்பாடு நிற்கவில்லை. கடைசியில் ரொட்டியால் கிண்ணத்தை வழித்தான்.

கதவருகே மார்வின் தலை நீட்டினான். "வீரா, சாப்பாடு ஆச்சா? தீ அடங்குது, விறகு போட ஆள் வேணும்."

வெஸ்லி எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டு போனான்.

சன்னல் வழியாக அவன் தெரிந்தான். கூடத்துச் சுவரோரம் அடுக்கியிருந்த விறகை ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போய்ப் போட்டான். திரும்பி வந்தான். மறுபடி அள்ளினான். தீ ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. "போதும்டா, குழி வெந்துடும்," என்று யாரோ சிரித்தார்கள். அவன் திரும்பி வந்தான், அள்ளினான், போனான். புகை கூடத்துக் கூரையைத் தாண்டி ஆற்றுப் பக்கம் நேராக எழும்பியது. வளைவு வரைக்கும் தெரிந்திருக்கும்.

வெர்னா கிண்ணத்தைக் கழுவித் துணி மேல் கவிழ்த்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு எடுத்து மறுபடியும் கழுவினாள்.